சூடு எங்கே பிறக்க வேண்டும்? பட்டறை தொடங்கும் பிள்ளைகளுக்கு 14 அறிவுரைகள்

மும்பை விக்ரோலியில் குடியிருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 1897இல் பம்பாய் லால்பாகில் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனத்துக்காக, பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1943இல் இங்கே நிலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு 1951இல் லட்சக்கணக்கான வாக்குப்பெட்டிகள் இங்கிருந்துதான் புறப்பட்டன. இன்று இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சின்கள் வரை இந்த மண்ணில் வேலை நடக்கிறது. பெரிய ஆலைகளையும் எல்.பி.எஸ். சாலையோரத்துச் சின்னப் பட்டறைகளையும் நம்பி ஊரிலிருந்து கிளம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் நாம்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் வருகிறார்கள். ஒருவருக்குக் கத்தி அடிக்க ஆசை. இன்னொருவருக்குத் தன் லேத் வேலைக்கு வேண்டிய உளியையும் பஞ்ச்சையும் தானே தோய்ச்சல் போட்டு (சூடேற்றி எண்ணெயில் முக்கி) கடினமாக்க ஆசை. கரி உலை வைக்க வழியில்லை. புகை வந்தால் பக்கத்துக் காலாவில் (பட்டறை அறையில்) இருப்பவர் சண்டைக்கு வருவார், மாடி வீடென்றால் சொசைட்டியே திரண்டு வரும். அதனால், “அண்ணாச்சி, கரண்டுல இரும்பக் காய்ச்ச வழி சொல்லுங்க” என்கிறார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். மின்சாரம் போகும் பாதையில் எங்கே தடை இருக்கிறதோ அங்கே சூடு பிறக்கும். அந்த இடத்தை நீங்கள் தீர்மானித்தால் அதற்குப் பெயர் உலை. மின்சாரம் தானாகத் தீர்மானித்தால் அதற்குப் பெயர் தீவிபத்து.

1. மூன்று வழி உண்டு. முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வழி காயில் உலை. நிக்ரோம் போன்ற கம்பியில் மின்சாரம் ஓடும், கம்பி பழுக்கும், அந்த அனலில் உள்ளே வைத்த இரும்பு காயும். இரண்டாவது, காய வேண்டிய இரும்புக்குள்ளேயே மின்சாரத்தைச் செலுத்துவது. பீரோ தகடுகளை ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் இந்த வகை. வோல்ட் மிகக் குறைவு, ஆம்பியர் ஆயிரக்கணக்கில், நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. மூன்றாவது இண்டக்‌ஷன். இரும்பைத் தொடாமல், சுற்றிலும் உள்ள செம்புச் சுருளின் காந்தப்புலத்தாலேயே அதைக் காய்ச்சுவது.

புதிதாகத் தொடங்குகிறவர் காயில் உலையில் தொடங்குவதே நல்லது. மெதுவாகச் சூடேறும், யோசிக்க நேரம் தரும், அளக்க விடும். மற்ற இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் வேலையை முடிக்கும். தவற்றையும் அதே வேகத்தில் முடித்துவிடும்.

2. ஜூல் சொன்ன கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் மதுபான ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட விதி இது: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, வருவதை ஓம் கணக்கிலுள்ள தடையால் பெருக்கினால், விநாடிக்கு எவ்வளவு சூடு பிறக்கிறது என்பது வாட் கணக்கில் கிடைக்கும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

ஒரே அளவுள்ள செம்புக் கம்பியையும் நிக்ரோம் கம்பியையும் எடுத்துக்கொண்டால், நிக்ரோமின் தடை ஏறத்தாழ 60 மடங்கு அதிகம். சுவர் ஒயரிலும் உலைக் காயிலிலும் ஓடுவது ஒரே மின்சாரம்தான். ஒயர் குளிர்ந்திருப்பதும் காயில் சிவப்பதும் இந்த வித்தியாசத்தால்.

இப்போது கெட்டதையும் கணக்குப் போடுங்கள். 2,000 வாட் உலை 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் ஒரு முனை தளர்ந்து அங்கே 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தச் சின்ன இடத்தில் 15 வாட் சூடு பிறக்கும். ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். பிளக் கருகுவது எப்படி என்று புரியும். உலை வேலை செய்யும்போது அரை மணிக்கு ஒருமுறை பிளக்கின் உடலையும் ஒயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மெயினை அணைத்துவிட்டு இணைப்பைச் சரிசெய்யுங்கள்.

3. உலைக்கு முன் வீட்டு ஒயரிங்கைப் பாருங்கள்.

பெரிய பிளக் போடும் 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். மொபைல் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் உலை வைக்கவே கூடாது. போர்டிலிருந்து உலைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக இழுக்க வேண்டும். தூரம் அதிகமானால் 4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் தன் சூட்டிலேயே உருகும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில் உலையைத் தொடங்காதீர்கள். எர்த் ஒயர் பெயருக்குத் தொங்குகிறதா, நிஜமாகவே பூமிக்குப் போகிறதா என்பதை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கொண்டு அளந்து பாருங்கள். பழைய சாள் கட்டடத்திலும் குறைந்த வாடகைக் காலாவிலும் எர்த் முனை வெறும் அலங்காரமாக இருப்பது சகஜம். உலையின் வெளித்தகடு கட்டாயம் எர்த்தில் இருக்க வேண்டும்.

4. கம்பியைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

நிக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றது. சூடானதும் அதன் மேல் குரோமிய ஆக்சைடு படிந்து, உள்ளே காற்று புகாமல் காக்கிறது. அதனால்தான் பழுத்த நிலையிலும் எரிந்து போகாமல் நீடிக்கிறது.

கணக்கு எளிது. 2,000 வாட் உலைக்கு 230ஐ 230ஆல் பெருக்கி 2,000ஆல் வகுத்தால் சுமார் 26.5 ஓம். 18 கேஜ் (1.22 மில்லிமீட்டர்) நிக்ரோம் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.93 ஓம். ஆகவே சுமார் 28 மீட்டர் வேண்டும். அத்தனை கம்பியா என்று மலைத்து, மெல்லிய கம்பியாகக் குறைந்த நீளத்தில் வாங்குகிறவர்கள் உண்டு. ஓம் சரியாகத்தான் வரும். கம்பி சீக்கிரம் அறும். சூட்டை வெளியே விடக் கம்பிக்குப் போதிய மேற்பரப்பு வேண்டும். இந்த அளவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட்டுக்குள் நிற்கிறது. வீட்டு உலைக்கு அது பாதுகாப்பான எல்லை.

கம்பியை ஒரு உருண்டைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, பிறகு இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்குச் சீராக இழுங்கள். சுற்றுகள் ஒரு இடத்தில் நெருங்கியிருந்தால் அங்கே அனல் தேங்கி, அங்கேதான் அறும். உலைச் சுவரைத் தாண்டி வெளியே வரும் முனைகளை இரண்டு மூன்று இழைகளாக முறுக்கிவிடுங்கள். தடை குறையும், முனை குளிர்ந்திருக்கும். இணைப்புக்குப் பீங்கான் கனெக்டரும் இறுக்கமான ஸ்க்ரூவும் போதும். ஈயப் பற்று வைக்கக் கூடாது. சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே இளகிவிடும்.

காந்தால் கம்பி இன்னும் அதிகச் சூடு தாங்கும். ஆனால் ஒருமுறை காய்ந்துவிட்டால் நொறுங்கும் தன்மை வரும். ஆறிய காந்தாலை வளைத்து நேராக்கப் பார்க்காதீர்கள்.

5. சிவந்த காயிலில் 230 வோல்ட் இருக்கிறது.

அனலைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். அந்த அனலுக்குள் வீட்டு மின்சாரம் நேராக ஓடுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். குறட்டால் இரும்பை எடுக்கும்போது இரும்போ குறடோ காயிலில் பட்டால், குறடு வழியாக மின்சாரம் உங்கள் கைக்கு வரும்.

ஆகவே உலைக் கதவில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, கதவு திறந்தவுடன் கான்டாக்டர் விழும்படி செய்யுங்கள். கான்டாக்டர் லைன், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். ஒன்றை மட்டும் துண்டித்தால் காயிலில் உயிர் இருந்துகொண்டே இருக்கும். உலைக்குள் கை வைத்துச் செய்யும் பழுதுவேலை எதுவானாலும் பிளக்கைக் கழற்றி, அதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

6. மழைக்காலத்துக்குத் தனி விதி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே தண்ணீர்தான். உலைச் செங்கல்லும் சிமெண்டும் அந்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சில வாரங்கள் சும்மா கிடந்த உலையைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழும். உடனே, “இது சும்மா விழுது அண்ணாச்சி, பைபாஸ் பண்ணிடலாமா” என்று கேட்பார்கள். அது சும்மா விழவில்லை. ஈரமான செங்கல் வழியாக மின்சாரம் வெளித்தகட்டுக்குக் கசிகிறது. அதைக் கண்டுபிடித்துத்தான் விழுகிறது.

உலைக்குக் கரண்ட் கொடுக்காமல், வெளியிலிருந்து ஹாட் ஏர் ப்ளோயர் வைத்துச் சில மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு 100 டிகிரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஈரம் முழுதும் போன பிறகு மேலே ஏற்றுங்கள். புதிதாகக் கட்டிய உலைக்கும் இதே முறைதான். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளே ஆவியாகும் நீர் செங்கல்லைப் பிளந்துவிடும்.

7. பழைய மைக்ரோவேவ் அவனைத் திறக்காதீர்கள்.

பழைய சாமான் விற்கும் கபாடிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதன் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துச் சுற்றை மாற்றினால் ஸ்பாட் வெல்டர் ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆகும்தான். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் முதலில் தருவது சுமார் 2,000 வோல்ட். ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆம்பியரும் அதில் வரும். உள்ளே உள்ள கெபாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியன்களையே பலி வாங்கிய சாமான் அது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒரே வார்த்தை: வேண்டாம்.

கம்பி சிவப்பதைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால், கடையில் விற்கும் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு சாண் நிக்ரோமும் போதும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் மோதிரமோ காப்போ வாட்ச் செயினோ இரண்டு முனைகளுக்கும் நடுவில் பட்டால், அந்த உலோகமே பழுத்துவிடும், விரலில் இருக்கும்போதே. வேலைக்கு முன் கையிலும் கழுத்திலும் உள்ளதைக் கழற்றி வைப்பது பட்டறைப் பழக்கம்.

8. இண்டக்‌ஷன் மேல் ஆசை இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டார். அதற்குப் பத்தாண்டு முன்பே அவர், தென்னிந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை புகழ் பெற்றிருந்த உருக்கை ஆராய்ந்தவர். அந்த உருக்கின் குணத்தை லண்டனில் கொண்டுவர முடியுமா என்று, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து பார்த்தார். தமிழகத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. நம் ஆட்களுக்கு இரும்பு புதிதல்ல.

சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பும், லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பச்சை போர்டாகக் கிடைக்கும் 1,000 வாட் மாட்யூலும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. மாட்யூல் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டியில் 1,000 வாட் என்று போட்டிருந்தால், 48 வோல்ட்டில் 20 ஆம்பியர் தரும் பவர் சப்ளை வேண்டும் என்று பொருள். அந்த சப்ளை மாட்யூலைவிட விலை அதிகம். சப்ளை வோல்ட் மெதுவாக ஏறினால் போர்டு அலைவைத் தொடங்காமல், அதிலுள்ள இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களும் ஒன்றாகத் திறந்து எரிந்துபோகும். முதலில் சப்ளையைப் போட்டு, வோல்ட் முழுதாக வந்த பிறகு இடையில் உள்ள சுவிட்சால் போர்டை இணையுங்கள். சுருளுக்குள் அளவுக்கு மீறிய பருமனில் இரும்பைச் செருகினாலும் இதே கதி. இரும்புத்துண்டு சுருளைத் தொடவே கூடாது. நீண்ட நேரம் ஓட்டுவதென்றால் சுருள் செம்புக் குழாயாக இருந்து உள்ளே தண்ணீர் ஓட வேண்டும்.

100 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் மின்சாரம் இரும்பின் மேல்தோலில் மட்டுமே ஓடும். உள்ளே சூடு கடத்தலால்தான் போக வேண்டும். சுமார் 770 டிகிரி வந்ததும் இரும்பு காந்தத்தன்மையை இழக்கும். அதற்குப் பிறகு சூடேறும் வேகம் சட்டென்று குறையும். போர்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அலுமினியமும் செம்பும் இதில் எளிதில் காயாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்தில் நிற்கக் கூடாது.

9. கண்ணை நம்புங்கள், ஆனால் தெர்மோகப்பிளை முதலில் வையுங்கள்.

பழைய கொல்லர்கள் நிறம் பார்த்துச் சூட்டைச் சொல்வார்கள். அந்தக் கண் பல வருடம் ஒரே இருட்டறையில் பழகிய கண். மதிய வெயிலில் கருஞ்சிவப்பாகத் தெரிவது மாலையில் செர்ரிச் சிவப்பாகத் தெரியும். ஆகவே ‘கே’ வகை தெர்மோகப்பிள் வாங்குங்கள். அதன் முனை இரும்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; காயிலை ஒட்டி வைத்தால் காயிலின் சூட்டைத்தான் காட்டும்.

இணைத்ததும் முனையைக் கொதிநீரில் வைத்து 100ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். முக்கியமான காரணம் உண்டு. இரண்டு ஒயரும் மாறிப்போனால், சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்கும். உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் “இன்னும் சூடு போதவில்லை” என்று கணக்குப் பண்ணி மேலும் மேலும் கொடுக்கும். காயில் உருகும் வரை அது நிற்காது. ஒயர் நிறங்கள் நாட்டுக்கு நாடு மாறும், நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்.

கையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். இரும்பு காந்தத்தில் ஒட்டாத நிலைக்கு வந்து, அதற்குச் சற்று மேலே போனால், சாதாரண ஹை கார்பன் எஃகு தோய்ச்சலுக்குத் தயார். ஏறத்தாழ 800 டிகிரி. அதற்குப் பிறகு ஏற்றிக்கொண்டே போனால் உள்மணிகள் பெருத்து எஃகு பலவீனமாகும். அந்தச் சூட்டில் சிறிது நேரம் நிறுத்தவும் வேண்டும். அவசரமாக எடுத்தால், மேலே வெந்து நடுவில் மாவாக நிற்கும் இட்லியின் கதைதான்.

10. கன்ட்ரோலர் கெட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பி.ஐ.டி. கன்ட்ரோலரும், அதன் சொல்படி காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எஸ்.எஸ்.ஆரும் (சாலிட் ஸ்டேட் ரிலே) சேர்ந்துதான் உலையை ஓட்டும். எஸ்.எஸ்.ஆர். கெடும்போது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். கன்ட்ரோலர் “போதும்” என்று சொன்னாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் வையுங்கள். கன்ட்ரோலரின் ஹை அலாரம் அதை விழச் செய்யட்டும். எஸ்.எஸ்.ஆருக்கு அலுமினிய ஹீட்சிங்க் கட்டாயம். ஆளில்லாமல் உலையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதற்கு இந்த ஏற்பாடுகூட அனுமதி அல்ல.

11. சுவருக்கு எதை வைக்கிறீர்கள் என்பது உங்கள் நுரையீரலின் விஷயம்.

கனமான ஃபயர் பிரிக் சூட்டைக் குடித்துக்கொள்ளும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் இன்சுலேஷன் பிரிக்தான் சின்ன உலைக்கு ஏற்றது. அதிலேயே பள்ளம் வெட்டிக் காயிலை வைக்கலாம். வெளிப்பக்கம் செராமிக் ஃபைபர் கம்பளி. அதை வெட்டும்போது என்95 மாஸ்க் போடுங்கள், லேசாக நனைத்து வெட்டுங்கள். அதிகச் சூட்டில் பல காலம் இருந்த கம்பளியைப் பிரிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அதிலிருந்து எழும் சிலிக்கா தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

பழைய பாய்லர் பிரித்த இடங்களிலிருந்து கபாடிக்கு வரும் வெள்ளைத் துணியையும் கயிற்றையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அஸ்பெஸ்டாஸாக இருக்கும்.

12. இரும்பின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டட வேலையில் மிச்சமான கம்பியை எத்தனை முறை தோய்த்தாலும் நல்ல கத்தியாகாது. அதில் கார்பன் போதாது. பழைய அரம், லாரி ஸ்பிரிங் பட்டை, பேரிங் வளையம் தோய்ச்சலுக்கு வரும். சந்தேகம் இருந்தால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள்: மைல்டு ஸ்டீலின் பொறி நீளமாக நேராகப் போகும், கார்பன் அதிகமானால் பொறி வெடித்துக் கிளைவிடும்.

துத்தநாகப் பூச்சுள்ள இரும்பை உலையில் வைக்கவே வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும்; அதற்கு முன்பே புகையத் தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் மாலையில் குளிர்காய்ச்சல் வரும். இரு பக்கமும் மூடிய குழாயையும் ஷாக் அப்சார்பரையும் சூடாக்கினால் வெடிக்கும். குரோம் முலாம் பூசியதையும் தவிருங்கள்.

13. தோய்ச்சலில் பாதி வேலை தீயணைப்பு.

சாதாரண கார்பன் எஃகுக்குத் தாவர எண்ணெய் போதும். 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். அரை கிலோ கத்திக்குக் குறைந்தது 5 லிட்டர். பாத்திரம் உயரமான இரும்புப் பாத்திரமாக, மூடியோடு இருக்கட்டும். பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம். பழைய எஞ்சின் ஆயிலின் புகையில் நஞ்சு உண்டு. இரும்பை முழுதாக, ஒரே மூச்சில் இறக்குங்கள். பாதி மூழ்கி நின்றால் எண்ணெய் மட்டத்தில் தீப்பற்றும். பற்றினால் மூடியைப் போடுங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குப் போகும். பக்கத்தில் மணல் வாளியும் பவுடர் வகைத் தீயணைப்பானும் இருக்கட்டும்.

தோய்ச்சல் முடிந்த எஃகு கண்ணாடிபோல் உடையும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், தாமதிக்காமல் டெம்பரிங் செய்யுங்கள், அதாவது குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சுங்கள். கத்திக்கு 200 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம் வரும், 300இல் நீலம் வரும். சுத்தியடி வாங்கும் உளியை நீலத்தை நெருங்கும் வரை விடலாம். கறி அரியும் கத்தியை வைக்கோலைத் தாண்ட விடாதீர்கள்.

14. உடம்பு, உடன் ஒரு ஆள், நோட்டுப் புத்தகம்.

பாலியஸ்டர் சட்டை தோலோடு ஒட்டி உருகும், பருத்தி போடுங்கள். செருப்பு வேண்டாம், தோல் ஷூ வேண்டும். துப்பட்டாவும் தலைமுடியும் கட்டி இருக்கட்டும். அனலை நெடுநேரம் பார்க்க நேர்ந்தால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். கறுப்புக் கண்ணாடி எல்லாம் அந்த வேலையைச் செய்யாது.

தனியாக உலை மூட்டாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த இன்னொருவர் கூட இருக்க வேண்டும். யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பதும் கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டில் தேதி, எஃகின் வகை, ஏற்றிய சூடு, நிறுத்திய நேரம், டெம்பரிங், முடிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, ஆறிய காயிலின் ஓமை அளந்து குறித்துவையுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கம்பி மெலிகிறது, அறுவதற்கு முன் மாற்றிவிடலாம். நல்ல கத்தி ஒன்று வந்தால் அதே மாதிரி இரண்டாவது கத்தியைச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் தொழில் தெரியும் என்று பெயர். அதற்கு இந்த நோட்டு வேண்டும்.

பிள்ளைகளே, செலவுக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கம்பிக்கும் செங்கல்லுக்கும் லோஹார் சாள், நாக்தேவி கடைகளில் பேரம் பேசுங்கள், தப்பில்லை. எர்த் போடுவதிலும் ஆர்.சி.சி.பி. வாங்குவதிலும் ஒயர்மேன் கூலியிலும் பேரம் பேசாதீர்கள். அந்த மூன்றுக்கும் பணம் சேரும் வரை உலைக்குக் கரண்ட் கொடுக்காமல் பொறுத்திருங்கள்.